எதிர் வீட்டை விட ஆழம்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மூத்தார் பெயரைச் சொல்லக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். கணவனுக்கு அண்ணன் என்றால் மாமனாருக்கு அடுத்த படி. எதிரே நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது, பெயர் வாயில் வரவே கூடாது. இன்றைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இருந்தாலும் எழுதமாட்டேன். அவருக்கு இந்தத் தாளில் பெயர் ஒன்றுதான் குறைச்சல் என்கிற எரிச்சல்தான், வேறென்ன.

பெரிய காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் எங்கள் வீடு. நெசவு வீடுகளுக்கு நடுவில் நாங்கள் சாயக்காரர்கள். பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுத்து, சாயம் ஏற்றி, உலர்த்திக் கொடுப்பது தொழில். சாயத் தொட்டியில் கை வைத்தவர் என் கணவர். வாசலில் உட்கார்ந்து ஜவுளி முதலாளிகளோடு பேசி வேலை பிடித்தவர் என் மூத்தார். உட்காருவதற்கு ஒரு பிரம்பு நாற்காலி. அது தெருவைப் பார்த்துப் போட்ட நாற்காலி அல்ல, எதிர் வீட்டைப் பார்த்துப் போட்டது.

எதை எடுத்தாலும் அவர் வாயில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "எதிர் வீட்டுல எத்தினி?"

தீபாவளிக்கு எத்தனை படி அதிரசம், கல்யாணத்தில் எத்தனை பந்தி, பொங்கலுக்கு எத்தனை கரும்பு. பதில் எதுவாக இருந்தாலும் நம் வீட்டில் அதற்கு மேலே ஒன்று இருந்தாக வேண்டும். எதிர் வீட்டில் ரேடியோ வந்தது. கொஞ்ச நாளில் எங்கள் வீட்டிலும் வந்தது, அதைவிடப் பெரிய பெட்டி. உள்ளே வைத்தால் நாங்கள் கேட்டிருப்போம். வாசல் ஜன்னலில், தெருப் பக்கம் முகம் வைத்து உட்கார வைத்தார். சமையல்கட்டில் எங்களுக்குக் கிடைத்தது பெட்டியின் முதுகுச் சத்தம்.

"கொஞ்சம் கம்மியா வெக்கச் சொல்லுங்கக்கா, கொழந்த தூங்குது" என்று என் ஓரகத்தியிடம் சொன்னேன். ஓரகத்தி என்றால் அவர் மனைவி. நல்லவள்தான், ஆனால் புருஷனைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ஜென்மம். போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தாள். "சொன்னேன்மா, ஒண்ணும் பேசல" என்றாள். அவள் சொல்லவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

எதிர் வீட்டுக்காரர் நாலு தறி வைத்திருந்த சாதுவான மனிதர். தன்னோடு ஒருவர் இத்தனை வருஷமாகப் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அந்தப் புண்ணியவானுக்குத் தெரியாது. வைகாசியில் கருடசேவைக்குக் கூட்டம் போகும்போது அவர் வீட்டு வாசலில் ஒரு பானை நீர்மோர் வைப்பார். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பந்தலே போட்டு அண்டா அண்டாவாக மோர் வைத்தார் என் மூத்தார். கடைந்து கடைந்து என் தோள்பட்டை கழன்றது. தெருவில் வீட்டு நிழல் விழுந்த அந்தப் பக்கமாகவே நடந்ததால் ஜனங்கள் எல்லாம் எதிர் வீட்டுப் பானையிலேயே குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். மிச்ச மோர் புளித்து நுரைக்கிற வரைக்கும் நாங்கள் குடித்தோம்.

நேரில் பேசக்கூடாது என்றேனே, அதில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். என் மகன் தூளியில் கிடந்த காலத்திலேயே எனக்குத் தூதன். "ஏண்டா கண்ணு, பெரியப்பாவ சாப்பிட வரச் சொல்லுடா" என்று தூளியைப் பார்த்துச் சொல்வேன். அவர் கூடத்திலிருந்து, "இன்னா கொழம்புன்னு கேளுடா" என்பார். அவன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கிடப்பான். "வத்தக் கொழம்புன்னு சொல்லுடா." கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குச் சில நாள் அழுகை வரும்.

அதே மகனுக்கு ஒருமுறை காய்ச்சல் தலைக்கேறிக் கண் செருகிவிட்டது. உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறேன், என் கணவர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். மூத்தார் எழுந்தார். "எதிர் வீட்டுக் கொழந்தைக்கு இப்பிடி வந்தப்ப எங்க கொண்டு போனாங்க?" என்று கேட்டார். செங்கல்பட்டு என்றாள் ஓரகத்தி. "நாம வேலூர் போறோம்" என்று சொல்லிக் குழந்தையைத் தன் மேல்துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் அத்தனை தூரமும் மடியை விட்டு இறக்கவில்லையாம். பிள்ளை பிழைத்தான். அந்தப் புத்திதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது, இதை மறைத்துவிட்டு எழுதினால் என் வயிற்றெரிச்சலுக்கே மரியாதை கிடையாது. அதே புத்திதான் என் கணவரைக் கொன்றது. உயிரோடு கொன்றது.

காஞ்சிபுரத்து மண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கயிறு பிடித்துத் தண்ணீர் சேந்துகிறவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும். பாலாறு இப்போது ஊருக்குத் தெற்கே, ஓரிக்கைப் பக்கம் ஓடுகிறது. ஓடுகிறது என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். எந்தக் காலத்திலோ அது இடம் மாறி மாறிப் படுத்திருக்கிறது, படுத்த இடமெல்லாம் மணல். அந்த மணலுக்குள் நிற்கிறதுதான் நல்ல தண்ணீர். மணல் முடிகிற இடத்தில் களி. களிக்குக் கீழே ஸ்லேட்டுப் பலகை போல ஏடு ஏடாகப் பெயர்கிற கறுப்புக் கல். அதிலும் தண்ணீர் உண்டு, ஆனால் வாயில் வைக்க முடியாது. களி நடுவில் மூடி போல உட்கார்ந்திருக்கிற வரைக்கும் மேலே இருப்பது மேலே, கீழே இருப்பது கீழே.

உத்திரமேரூர்ப் பக்கம் இப்படியில்லை. அங்கே கொஞ்சம் தோண்டினாலே பாறை. பாறையைத் துளைத்து ஆழம் போனால்தான் வெடிப்பில் தண்ணீர் கிடைக்கும். என் ஓரகத்தி அந்தப் பக்கத்துப் பெண். அவள் அண்ணன் வயலில் ரிக் வண்டி வந்து, புழுதி பறக்கப் பாறையைக் குடைந்து, கடைசியில் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்ததை என் மூத்தார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்துதான் பிடித்தது சனியன். ஆழம் போனால் தண்ணீர், அதிக ஆழம் போனால் அதிகத் தண்ணீர் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த மண் வேறு, இந்த மண் வேறு என்று யார் எடுத்துச் சொல்வது?

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. இளநீர் மாதிரி தண்ணீர் என்று சாயக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். பட்டு நூலுக்கு அப்படிப்பட்ட தண்ணீர்தான் வேண்டும். உப்பு இருந்தால் சோப்பு கரையாது, நூலில் பசை முழுசாகப் போகாது, சாயம் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் ஏறாது. என் கணவர் ஏற்றுகிற அரக்குச் சிவப்புக்குத் தனிப் பெயர் உண்டு. நூலைத் தொட்டியில் முக்கி, கோலால் திருப்பி, தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்" என்பார். யாரோடும் அதிகம் பேசாதவர் நூலோடு பேசுவார். அந்தக் கைக்காகத்தான் முதலாளிகள் எங்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணற்றில் வாளி விட்டால் அடி மணலைச் சுரண்டிக்கொண்டு வந்தது. எதிர் வீட்டில் கிணற்றுக்குள்ளேயே கைபோர் இறக்கினார்கள், முப்பத்தைந்து அடியில் நல்ல தண்ணீர். எங்கள் வீட்டிலும் அதே ஆட்கள் வந்தார்கள். கிணற்று வாயில் பலகை போட்டு, மேலே மரத்தால் முக்காலி கட்டி, நாலு பேர் குழாயைப் பிடித்துத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள். மேலே வருகிற சேற்றைத் தொட்டுப் பார்த்துக் கீழே என்ன இருக்கிறது என்று மேஸ்திரி சொல்வார். மஞ்சள் மணல் வந்தது. பிறகு கூழாங்கல் கலந்த பருமணல். மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது.

"அண்ணே, நல்ல மணலு. இங்கயே நிறுத்தி பில்டர் குழாய எறக்கிடலாம். தாராளமா ஊறும்."

"எத்தினி அடி ஆவுது?"

"முப்பத்தாறு, முப்பத்தேழு."

"எதிர் வீட்டுல எத்தினி?"

"அங்கயும் ஏறக்கொறைய இதே தான்."

அவ்வளவுதான், போச்சு. "அப்போ இன்னாத்துக்கு நிறுத்தறது? டபுளா போ" என்றார் மூத்தார்.

"கீழ களி வரும்ணே. களிய தாண்டினா சில எடத்துல உப்பு ஏறிக்கும்."

"எங்க மச்சான் ஊர்ல பாறையே ஒடச்சிக்கினு போறான், நீ களிக்கு பயப்படுறியா?"

மேஸ்திரி ஒன்றும் மகாத்மா இல்லை. அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். தலையைச் சொறிந்தார், "நீங்க சொன்னா சரிண்ணே" என்று சிரித்தார், பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

கூழ் ஊற்ற நான் கொல்லைக்குப் போனபோது களியை ஓட்டை போட்டால் இந்தக் கிணறே கெட்டுவிடும் என்று அந்த ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஓடி ஓரகத்தியைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, போரு நம்ம கிணத்துக்குள்ளயே எறங்குது. களிய ஓட்ட போட்டா கீழ இருக்குற உப்புத் தண்ணி மேல ஏறி, இருக்குற நல்ல தண்ணியும் கெட்டுப்பூடும். சாயத்துக்கு நாம எங்கக்கா போறது? இப்பவே சொல்லுங்கக்கா" என்றேன். அவள் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இத்தனையும் அவள் வாயில் இப்படி வெளியே வந்தது: "போதுமான்னு கேக்குறா."

"அவளுக்கு இன்னா தெரியும்? அடுப்புல இன்னா கொதிக்குதுன்னு பாக்கச் சொல்லு" என்றார் அவர்.

என் கணவரும் ஒருமுறை போய் நின்றார். "அண்ணே, மேஸ்திரி சொல்றத..." என்று ஆரம்பித்தார். "நீ சாயத்தப் பாருப்பா" என்றார் மூத்தார். கணவர் சாயத்தைப் பார்க்கத் திரும்பி வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கூழ்ச் சட்டியை அம்மிக்கல்லில் போட்டு உடைத்தேன். கை தவறிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

களி வந்தது, வெண்ணெய் மாதிரி ஒட்டுகிற சாம்பல் நிறக் களி. அதற்குப் பிறகு கறுப்புக் கல் ஏடு ஏடாக வந்தது. எழுபது அடி தாண்டியதும் மூத்தார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குழாயைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கிணறு நிறைந்திருந்தது. ஊரெல்லாம் கிணறு காய்ந்து கிடக்கிற கோடையில் எங்கள் கிணற்றில் குனிந்து மொண்டுவிடலாம் போலத் தண்ணீர். கீழே அடைபட்டுக் கிடந்தது தானாகவே மேலே ஏறி நின்றது. மூத்தார் தெருவையே கூப்பிட்டார். எதிர் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, குடுத்து வெச்சவருய்யா நீங்க" என்று மனசாரச் சொன்னார். அப்போது என் மூத்தார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்கே பாவமாக இருந்தது.

அன்றைக்குப் பருப்பு வேகவில்லை. சோறு மஞ்சளித்து நாறியது. சோப்பு நுரைக்காமல் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றது. ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன். கண்ணீரும் கடலும் கலந்த ருசி. மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பியதும் வந்தார், நாக்கில் வைத்தார், அவரும் துப்பினார். "ஏறிடுச்சிண்ணே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. குழாய உருவிட்டு களிமண் உருண்டையா போட்டு இடிச்சி அடச்சிடலாம். மேல இருக்குறத எறச்சிட்டா, ரெண்டு நல்ல மழையில கிணறு தெளிஞ்சிரும்" என்றார்.

"அடைக்கிறதா? எதிர் வீட்டுல பாத்துக்கினு இருக்காங்கய்யா. புதுத் தண்ணி அப்பிடித்தான் இருக்கும். எறைக்க எறைக்க சரியாய்டும்."

இறைத்தோம். இறைக்க இறைக்க வந்தது, சரியாகவில்லை. ஓரிக்கை ஆற்று ஊற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவரலாம் என்று என் கணவர் கேட்டார். "ரொம்பி வழியற கிணத்த வெச்சிக்கினு வாசல்ல தண்ணி வண்டி நின்னா இன்னாப்பா நெனப்பான் எதிர் வீட்டுக்காரன்?" என்று மூத்தார் மறுத்துவிட்டார். இதில் இன்னொன்று. குடிக்கிறதுக்கு மட்டும் அவருக்குத் தெருக்குழாயிலிருந்து ஓரகத்தி விடியற்காலையில் ஒரு குடம் பிடித்துத் தனியாக மூடி வைப்பாள். தான் தோண்டிய தண்ணீரை அந்த மனிதர் அதுவரைக்கும் ஒருநாள்கூட வாயில் வைத்தது கிடையாது.

அந்தத் தண்ணீரில்தான் என் கணவர் அரக்கு ஏற்றினார். ஒரு முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்ய வேண்டிய சேலைக்கான நூல். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் திட்டுத் திட்டாக, காய்ந்த புண் மாதிரி. அலசி மறுபடியும் முக்கினார். இன்னும் மோசமானது. எனக்குத் தெரியாமல் தெருக்குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தார். அவ்வளவு பெரிய தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. "தண்ணிதான்னு முதலாளிகிட்ட சொல்லிடுங்க" என்று நான் கெஞ்சினேன். "அண்ணன் பேச்சுக்கு மேல நான் எப்பிடிமா பேசறது? அண்ணனே சொல்லுவாரு பாரு" என்றார். அண்ணன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

முதலாளி நூலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில், தெருவே பார்க்க, பிரித்துக் காட்டினார். "இன்னாங்க இது? உங்க தம்பி கையில இப்பிடி நான் பாத்ததே இல்லியே. தண்ணி கிண்ணி மாறிடுச்சா?" என்று அவரே வழியும் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர் வீட்டு வாசலில் அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, என்ன சத்தம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தார் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "தண்ணிமேல குத்தம் சொல்லாதீங்க. எழுபது அடித் தண்ணி. தம்பி கைதான் முன்ன மாதிரி இல்ல."

என் கணவர் பக்கத்திலேயே நின்றார். காதில் விழாதது மாதிரி தொட்டிப் பக்கம் நடந்து போய்விட்டார். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. கொல்லைக்கு ஓடினேன், கிணற்றில் சொம்பை விட்டு மொண்டேன், கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்து அவர் எதிரே நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நிற்காத இடம் அது. ஓரகத்தி உள்ளேயிருந்து "ஐயையோ, வாடி உள்ள" என்று கூவினாள்.

"மாமா, இதக் குடிச்சிட்டு சொல்லுங்க" என்றேன். தூளியைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து இல்லை, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

தட்டி விடுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. சொம்பை வாங்கினார். அண்ணாந்தார். ஒரே மூச்சில், ஒரு சொட்டு கீழே சிந்தாமல், புருவம்கூட அசையாமல் அத்தனையும் குடித்தார். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இளநி மாதிரி இருக்குது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிர் வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

இன்னொரு சொம்பு மொண்டு வந்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் தர்மசங்கடமாகக் கையை உயர்த்தினார். "வேணாம்மா. பெரியவரே குடிச்சிட்டு சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் குடிச்சிப் பாத்தா நல்லாவா இருக்கும்?" என்று நூலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு அவர் வரவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் வரவில்லை.

நான் சொம்போடு தொட்டிக்கு ஓடினேன். என் கணவர் தொட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா இந்த அநியாயத்த? உப்புத் தண்ணிய குடிச்சிட்டு இளநின்றாரு."

"மூஞ்சி சுளிச்சாராமா?" என்றார்.

"இல்ல. அழுத்தக்காரர் ஆச்சே. கல்லு மாதிரி நின்னாரு."

"நல்லா பாத்தியா? கொஞ்சம்கூட சுளிக்கலியா?"

"இல்லங்க."

என் கையிலிருந்த சொம்பை வாங்கி ஒரு வாய் வைத்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

"எனக்கு இது உப்பாதான் இருக்குதுமா" என்றார். "அண்ணன் பொய் சொல்ற ஆளு இல்ல. அப்போ என் நாக்குதான் கெட்டுப் போயிருக்குது. நாக்கே கெட்டவனுக்குக் கையி மட்டும் எப்பிடிமா சரியா இருக்கும்?"